கடலுக்கு வைத்த சோறு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், அந்த ஓரத்தில் இருக்கிறவர்களும் இப்படி வந்துவிடுங்கள், கடல்காற்று திரும்பி அடிக்கிற நேரம் இது, எட்ட உட்கார்ந்தால் நான் சொல்வதில் பாதியை அது வாரிக்கொண்டு போய்விடும், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நீங்கள் ஆளுக்கொரு கதை கட்டுவீர்கள்.

பட்டணத்துக்கு வடக்கே, உப்பங்கழி கடலில் விழுகிற இடத்தில், பாசிக்குப்பம் என்று ஒரு குப்பம் இருந்தது. அங்கே தேசம்மா என்று ஒருத்தி. அவள் புருஷன் எட்டியப்பன் படகு வைத்திருந்தான், அவள் பானை வைத்திருந்தாள். சுண்டக்கஞ்சிப் பானை. பட்டணத்துக்காரர்கள் பாட்டிலைத் திறந்து நுரைக்க நுரைக்க ஊற்றிக் குடிக்கிறார்களே, அந்த பீருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு சரக்கு. நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, முன்பானையின் அடியில் தங்கிய மண்டியில் ஒரு கை அதில் கலந்து, துணியால் வாய் கட்டி, சாக்குச் சுற்றி, அடுப்புச் சூடு எட்டியும் எட்டாமலும் இருக்கிற மூலையில் வைத்துவிட்டால், சோறு தானாகவே முணுமுணுக்க ஆரம்பிக்கும், நுரை கட்டும், சில நாளில் வடிகட்டிப் பச்சைமிளகாயும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்து ஊற்றினால், வலை இழுத்து வந்தவன் உடம்புச் சூடு தலையிலிருந்து காலுக்கு இறங்கிப் போகும். குப்பத்தில் பல பேர் போட்டார்கள், ஆனால் தேசம்மா போட்டதைக் குடித்தவன் மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

ஒரு வருஷம் ஐப்பசியில் எட்டியப்பன் படகு திரும்பவில்லை. அதில் போனவர்கள் எல்லாருமே ஒரே தெரு ஆட்கள். எட்டியப்பனின் மருமகன் தனுஷ்கோடியும் போயிருந்தான். அவன் பெண்டாட்டி கோமளா, தேசம்மாவின் ஒரே மகள், அப்போது நிறைமாசக்காரி. படகின் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. அழுது முடித்த வீடுகளில் அடுப்பு எரிந்தது, ஆனால் கோமளா மட்டும் சோற்றைத் தொடவில்லை. தட்டு வைத்தால் தட்டைப் பார்ப்பாள், தண்ணீர் வைத்தால் தண்ணீரைப் பார்ப்பாள்.

"வவுத்துல இருக்குறது உன்ன இன்னாடி பண்ணிச்சி? அதுக்காவது ஒரு வாய் துன்னுடி" என்று தேசம்மா கெஞ்சுவாள்.

"அதுங்கொப்பன் இன்னா துன்னுறானோ அங்க" என்பாள் கோமளா, அவ்வளவுதான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பாசிக்குப்பத்தில் ஒரு முறை உண்டு. கடல் ஒருவனை எடுத்துக்கொண்டு உடம்பைத் திருப்பித் தராவிட்டால், கருமாதி வரைக்கும் அந்த வீட்டுப் பெண் தினமும் பொழுது சாய்கையில் புதுச்சோறு வடித்து, முழங்கால் தண்ணீரில் நின்று, கடலுக்கு வைத்துவிட்டு வரவேண்டும். வைத்த பிறகு பாத்திரத்தைக் கடல் தண்ணீரிலேயே அலசவேண்டும். ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தேசம்மா அந்த முறையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அன்றைக்கு அவளோடு தண்ணீரில் நின்ற கோமளா கண் சொருகி அலைக்குள் சாய்ந்துவிட்டாள். மகளை இழுப்பாளா, பாத்திரத்தை அலசுவாளா? இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், பாத்திரமும் இடுப்பிலேயே வந்துவிட்டது. மகளுக்கு மூச்சு வந்த பிறகு பார்த்தால் பாத்திரத்தின் அடியில் ஒரு பிடிச் சோறு. பிறந்ததிலிருந்து அரிசியை வீணாக்காத கை அது. யோசிக்கிற அளவுக்கு அவளிடம் அன்று மனசு இல்லை. கை தானாகவே சுரண்டியது, மூலையிலிருந்த பானைக்குள் போட்டது, துணியை மூடியது.

மறுநாள் காலையில், பானையிலிருந்து எட்டியப்பன் பேசினான்.

"கொயம்பு இன்னா?" என்று கேட்டான்.

தேசம்மா அப்போது வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முப்பது வருஷப் பழக்கத்தில் "நெத்திலி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கத்தி நின்றது. பானைத் துணி புருஷன் தூங்கும்போது மார் ஏறி இறங்குகிற கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு சின்ன விக்கல், அதுவும் அவனுடையதுதான்.

"புளி கம்மியா போடு" என்றது பானை.

கோமளா எழுந்து வந்து பானைப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நைனா" என்றாள். "இன்னாமா" என்றது பானை. அன்றைக்கு அவள் இரண்டு தட்டுச் சோறு தின்றாள். தின்கிற மகளின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள் தேசம்மா. இது சரியா தப்பா, பானையைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டவேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அவளிடம் வந்தது, வாசலில் நின்றது, அந்தத் தட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அடுத்த வீட்டு அஞ்சலாட்சிதான் முதலில் கேட்டாள். அவள் மகனும் அதே படகில் போனவன். அவள் வாய் கருக்கு அரிவாள் மாதிரி, எதிரில் வருகிற எல்லாவற்றையும் சீவும்.

"இன்னாமே தேசம், உன் ஊட்ல ஆம்பள கொரலு கேக்குது? புருஷன் போயி கருமாதி கூட ஆவல."

"அந்த ஆம்பளதான் யக்கா அது. வந்து கேளு."

அஞ்சலாட்சி வந்தாள், குனிந்தாள், கேட்டாள். "யக்கா, உன் ஊட்டு ஆடு எம் வலையக் கடிச்சிட்ச்சி" என்றது பானை. அஞ்சலாட்சி நிமிர்ந்து, "செத்தும் இவனுக்கு ஆட்டு மேலதான் கண்ணு" என்றாள். பிறகு அவள் முகம் கோணியது. "எனக்கும் ஒரு கை மண்டி குடு தேசம்" என்றாள்.

இப்படித்தான் தெரு முழுக்கப் பரவியது. கடலுக்கு வைத்த சோற்றில் ஒரு பிடி, தேசம்மா பானை மண்டியில் ஒரு கை, இரண்டும் சேர்ந்தால் போதும். வெறும் நொய்யும் மண்டியும் போட்டவர்களுக்கு வெறும் சுண்டக்கஞ்சிதான் வந்தது. அதுவரைக்கும் பானை போட்டறியாத பெண்களை எல்லாம் தேசம்மா தன் வாசலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "சோறு சூடா இருக்கசொல்ல மண்டியப் போடாத, செத்துடும், வெரல வெச்சிப் பாரு, கொயந்தயக் குளிப்பாட்டுற பதத்துல இருக்கணும். மீன் கை போட்டுப் பானையத் தொடாத. வாய இறுக்கிக் கட்டாதடி, மூச்சு வுட எடம் வேணும்." புதிதாகப் போடுகிறவர்கள் எல்லாருக்கும் சொல்கிற பேச்சுதான் அது. அந்தப் பெண்கள் அதை வேதம் போலக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் போவதற்குள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஆம்பளைக் குரல். ஒருவன் பீடி கேட்பான், ஒருவன் கிரீஸ் டப்பாவை எங்கே வைத்தாய் என்பான், ஒருவன் ஒன்றும் சொல்லாமல் குறட்டை மட்டும் விடுவான். கோமளாவின் பானையில் தனுஷ்கோடி, "கோமு, புள்ள ஒதைக்குதா?" என்று கேட்டான். ஒதைக்குது என்று அவள் சிரித்தாள்.

குப்பம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள்? எப்படி எடுத்துக்கொள்ளும், வந்த விருந்தாளியை எடுத்துக்கொள்கிற மாதிரிதான், எங்கே படுக்கவைப்பது என்றுதான் கவலைப்பட்டது. ஊர்ப் பெரியவர் நாட்டார் வேதாசலம், அவர் தங்கச்சி புருஷனும் அந்தப் படகில் போனவன்தான், கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்துக் கூட்டினார். பானை வைத்திருக்கிற பெண் விதவையா, சுமங்கலியா? பூ வைக்கலாமா? காலையில் ஆரம்பித்த பேச்சு, வெயில் தாழ்ந்தும் ஓயவில்லை.

"பேசுறான் இல்ல? பேசுறவன் எப்படிச் செத்தவன்?" என்றாள் அஞ்சலாட்சி.

"பேசுறான். எழுந்து வந்து வலை இழுப்பானா?" என்றார் நாட்டார்.

"இருந்தப்பவும் எங்க இழுத்தான்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள், மண்டபமே சிரித்தது.

கடைசியில் நாட்டார் தீர்ப்புச் சொன்னார். பானை பேசுகிற வரைக்கும் பொட்டும் பூவும் உண்டு, கல்யாணத்தில் ஆரத்தி எடுக்க மட்டும் கூடாது. கரையேறுகிற மீனில் பானைக்கு அரைப் பங்கு. பானை இருக்கிற வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றித்தான் நிற்கவேண்டும். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கள்ளச்சரக்கு உடைக்க வந்த ஏட்டய்யா ஒருவர் லத்தியை ஓங்கினார். "ஏட்டய்யா, ஒரு பீடி இருக்குமா?" என்றது பானை. அவர் ஓங்கிய கையை இறக்கி, ஒரு பீடியைப் பற்றவைத்துப் பானை விளிம்பில் வைத்தார், அது தீர்கிற வரைக்கும் நின்றார், போய்விட்டார். மறுவாரம் லத்தி இல்லாமல் வந்து, லாரியில் அடிபட்டுச் செத்த தன் தம்பியை இப்படிப் போடமுடியுமா என்று கேட்டார். கடல் எடுத்தவனுக்குத்தான் ஆகும் என்றாள் தேசம்மா. தலையை ஆட்டிக்கொண்டு போனார், பாவம்.

ஆனால் சுண்டக்கஞ்சிக்கு ஒரு குணம் உண்டு. முதலில் இனிக்கும், பிறகு உறைக்கும், அதற்கு மேலும் விட்டால் புளிக்கும், புளித்தது புளித்துக்கொண்டே போகும். அதனால்தான் பதம் வந்ததும் வடித்துக் குடித்துவிடுகிறார்கள். இந்தப் பானைகளை யார் வடிப்பார்கள்? தன் புருஷனை எவள் வடிகட்டுவாள், எவன் குடிப்பான்? ஆகவே பானைகள் அப்படியே நின்றன, நின்றவை புளித்தன.

பீடி கேட்டவன் திட்ட ஆரம்பித்தான். குறட்டை விட்டவன் விழித்துக்கொண்டு, தன் பெண்டாட்டி யார் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று பழைய கணக்கெல்லாம் எடுத்தான். அஞ்சலாட்சி மகன், உசுரோடு இருந்தவரைக்கும் அம்மாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவன், "நீ பெத்ததாலதான் நான் செத்தேன்" என்றான். எட்டியப்பனும் புளித்தான். "மாப்ளைய நானா கூப்ட்டேன்? நீதான் கூட்டினு போ கூட்டினு போன்னு என் உசுர எடுத்தே. நீ அனுப்பிச்சே, நாங்க போனோம்." தேசம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொள்வாள். அவள் அனுப்பியது நிஜம்தான்.

புளிப்பை முறிக்க ஒரே வழிதான் இருந்தது. புதுச்சோறு போட்டால் பானை கொஞ்ச நேரத்துக்கு மறுபடி இனிக்கும், "தங்கம்" என்னும், "சாப்ட்டியா" என்னும். காலையில் ஒரு கை போட்டால் போதும் என்றிருந்தது, பிறகு மத்தியானமும் வேண்டும் என்றானது, பிறகு வேளைக்கு ஒரு படி. கஞ்சி பொங்கி வழிந்து, பெரிய பானைக்கு மாற்றி, அதுவும் வழிந்தது. ரேஷன் அரிசி வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பானைக்குப் போனது. அந்த மாசம் முழுக்கக் கடல் கொந்தளித்து எவரும் தொழிலுக்குப் போகவில்லை. பிள்ளைகள் கழியில் நத்தை பொறுக்கித் தின்றார்கள். இருக்கிறவர்களின் கன்னம் ஒட்ட ஒட்ட, இல்லாதவர்களின் பானை பெருத்தது. அதையும் குப்பம் எடுத்துக்கொண்டது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டு மூலையிலும் அதே சத்தம்.

கோமளாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. கருவாட்டு நிறத்தில், எலும்பும் தோலுமாக, ஆனால் நல்ல குரல். "எம்புள்ள எப்டி இருக்கான்?" என்று தனுஷ்கோடி பானையிலிருந்து கேட்டான், அவள் பிள்ளையின் அழுகையைப் பானை வாயில் காட்டினாள். அப்புறம் அவன், "பசிக்குது கோமு" என்றான். அவள் தன் தட்டைப் பானைக்குள் கவிழ்த்தாள்.

தேசம்மா எதிரே உட்கார்ந்து சாப்பிடவைத்துப் பார்த்தாள். மகள் வாயில் வாங்குவாள், தேசம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் கையில் துப்பிப் பானைக்குள் போடுவாள். பிள்ளை பெற்றவளுக்கென்று சுறாப்புட்டு செய்து வைத்தாள், அதுவும் பானைக்குள் போயிருந்தது. பால் வற்றியது. பிள்ளையின் நல்ல குரல் பூனைக் குரலானது, பிறகு வாய் மட்டும் திறந்து மூடியது. பக்கத்தில் பால் கொடுக்கிறவள் எவளாவது இருக்கிறாளா என்று தேசம்மா தெருவெல்லாம் அலைந்தாள். எந்த மாரிலும் பால் இல்லை, எல்லா வீட்டிலும் பானை இருந்தது. ஒரு மத்தியானம், அவள் ஆட்டுப்பால் ஒரு சங்கு வாங்கிக்கொண்டு ஓடிவந்தபோது, பிள்ளை பானை மேல் சாய்ந்திருந்த தாயின் மடியில் கிடந்தது. பானை இனித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் கோமளா தலை சீவி, பொட்டு வைத்து, ஒரு கிண்ணத்தில் புதுச்சோறோடு அம்மா முன்னால் வந்து நின்றாள். கிண்ணத்தைப் பிடித்திருந்த மணிக்கட்டில் வளையல் முழங்கை வரைக்கும் சரிந்துபோயிருந்தது.

"கடலுக்கு வெச்சிட்டு மிச்சம் கொண்டாந்தேன்மா. எம்புள்ளைக்கும் ஒரு சின்னப் பானை போடு. அவன் அதிகம் கேக்க மாட்டான்."

"அவன கடலு எடுக்கலியேடி. மண்ணு இல்ல எடுத்திச்சி."

"போடும்மா. பேசலன்னா அப்றம் பாத்துக்கலாம்."

தேசம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள். இன்னொரு பானை மூலைக்கு வந்தால் அந்த வளையல் தோள்வரைக்கும் போய்விடும், அதற்கப்புறம் வளையல் போட ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. பானையை உடைத்தாலோ, மகள் அந்த ஓட்டின் மேலேயே விழுந்து போவாள். அதுவும் தெரிந்தது.

"சரி. ஆனா பச்சப்புள்ளயத் தனியாப் போடக் கூடாது, பயந்துக்கும். அப்பன்கிட்டவே இருக்கட்டும்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனாள். "அவனுங்க புளிக்கிறது இன்னாத்துக்குன்னு நெனக்கிறீங்க? ஒரே படகுல போயி ஒரே சட்டியில துன்னவனுங்க. ஆளுக்கொரு மூலயில குந்தவெச்சா நம்ப காதைத்தான் கடிப்பானுங்க. ஒண்ணாச் சேத்து வுடுங்கடி, அவனுங்களுக்குள்ள பேசிக்கட்டும்." பொய்தான். ஆனால் மூன்று வேளையும் வசவு கேட்டுக் கேட்டுக் களைத்திருந்த பெண்களுக்கு அது குளிர்ந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அஞ்சலாட்சிகூட ஒன்றும் வெட்டிப் பேசாமல், "எம்புள்ளைக்குக் கூட்டாளிங்கன்னா உசுரு" என்று மட்டும் சொன்னாள்.

ஆடி மாசத்தில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற பெரிய அண்டாவைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பானையைச் சுமந்து வந்து ஊற்றினாள். தேசம்மா தன் பானையைச் சாய்க்கும்போது, "இப்பவும் தொரத்துற" என்றான் எட்டியப்பன். அவள் கடைசிச் சொட்டுவரைக்கும் சாய்த்தாள். கோமளா தனுஷ்கோடியை ஊற்றினாள். பிறகு கிண்ணத்துச் சோற்றை ஒரு பிடியாகத் திரட்டி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். தேசம்மா கையை மூடி, முழங்கைவரைக்கும் அண்டாவுக்குள் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே எடுத்தாள். ஈரம் சொட்டுகிற அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டாள்.

அண்டா ஒரு தரம் குமிழிட்டது. பிறகு பேசியது. ஐயா, என்ன பேச்சு! எல்லாக் குரலும் ஒரே நேரத்தில், ஒருவனை ஒருவன் கிண்டல் செய்துகொண்டு, யாருடைய வலை அறுந்தது, யார் தூங்கிக்கொண்டே சுக்கான் பிடித்தான், அன்றைக்கு வந்த அலை எத்தனை பனை உயரம் என்று, இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு, ஒரு பெண்டாட்டி பெயர்கூட அதில் இல்லை, ஒருவனுக்கும் பசிக்கவில்லை. பெண்கள் அண்டாவைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

"இதுல எம்புள்ள எது?" என்றாள் அஞ்சலாட்சி.

எவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. தேசம்மாவுக்கும் தெரியவில்லை, அந்தச் சின்ன விக்கலை அவளும் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அவள் இடது கையால் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து அண்டாவில் முக்கி, எல்லார் கண்ணும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தாள்.

"அடிப்பாவி!" என்று நாட்டார் எழுந்தார்.

"இன்னா பாவி? நான் குடிச்சது எம் புருஷனா, உங்க தங்கச்சி புருஷனா, சொல்லுங்க நாட்டாரே." கொட்டாங்கச்சியை அவர் முன்னால் நீட்டினாள். "உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்லா இருக்கசொல்லவே குடிச்சிருக்கணும், இத்தினி நாளு புளிக்க வுட்டோம். இப்ப அவனுங்க சிரிச்சிக்கினு இருக்கானுங்க. நாளைக்கி மறுபடியும் புளிப்பானுங்க, அப்ப எந்த ஊட்டுப் புள்ளயக் கொண்டாந்து போடுவீங்க? வாங்க."

பிறகு அஞ்சலாட்சி அவள் கையிலிருந்த கொட்டாங்கச்சியைப் பிடுங்கினாள். குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றாள், சொல்லும்போதே முகத்தில் தண்ணீர் வழிந்தது. அதற்கப்புறம் வரிசை கட்டினார்கள். பெண்களும், மீந்திருந்த ஆண்களும், மீசையைத் துடைத்துக்கொண்டு நாட்டாரும். ஒவ்வொரு கொட்டாங்கச்சிக்கும் அண்டாவில் ஒரு சிரிப்புக் குறைந்தது. வெயில் ஏறி மணல் சுடுகிற நேரத்தில் ஒருவன் மட்டும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், யார் என்று கடைசிவரை தெரியவில்லை, அவனையும் யாரோ குடித்தார்கள். அடி மண்டியை மணலில் கவிழ்த்தார்கள். குப்பத்தில் இத்தனை நாளாக இல்லாத அமைதி வந்து உட்கார்ந்தது, அலைச் சத்தம் மட்டும் இருந்தது, எல்லாரும் தலை குனிந்து வீட்டுக்குப் போனார்கள்.

கோமளா போகவில்லை. ஒரு சொட்டும் குடிக்கவில்லை. காலி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"எல்லாரும் பேசினாங்க. எம்புள்ள மட்டும் ஒண்ணுமே பேசலியேம்மா" என்றாள். "அவன யாரு குடிச்சாங்க?"

தேசம்மா அவள் எதிரே மணலில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பிலிருந்து கையை உருவினாள். காலையிலிருந்து திறக்காத விரல்கள் மரத்துப்போயிருந்தன, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே அந்தப் பிடிச் சோறு அப்படியே இருந்தது, கசங்கி, எல்லா ஆண்களின் புளிப்பிலும் ஊறி. "அவன யாரும் குடிக்கலடி, நீ பெத்தவ, நீதான் துன்னணும்" என்றாள். கோமளா அதைப் பார்த்தாள், புரிந்தது, பின்னால் நகர்ந்தாள். தேசம்மா இடது கையால் மகளின் தாடையைப் பிடித்து அழுத்தினாள், காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. பல் விலகியதும் சோற்றை உள்ளே வைத்தாள், ஒரு பருக்கை கீழே விழாமல் வைத்தாள். மகள் கையால் அடித்தாள், மார்பில் குத்தினாள், துப்பப் பார்த்தாள். தேசம்மா தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள், தொண்டை ஒரு தரம் ஏறி இறங்குகிற வரைக்கும் எடுக்கவேயில்லை.